லேசாக என்றால் எவ்வளவு

கத்தி கைதவறி விழுந்தால் விழட்டும், பிடிக்கப் போகாதீர்கள். தரைக்கு வலிக்காது, தரையைப் பூசிக்கொடுக்க ஆள் கிடைப்பான். தோல் வேலையைப் பொழுதுபோக்காகச் செய்கிற முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு இந்தப் புத்திமதியை அவர் ஒன்பது தடவை எழுதியிருந்தார். ஒன்பது என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. ஆஸ்பத்திரியில் வலது கையைத் தூக்கிக் கட்டிப் படுக்க வைத்திருந்தபோது, வேறு வேலை இல்லாமல், இடது கையால் கைப்பேசியைத் தள்ளித் தள்ளி அவரே எண்ணிப் பார்த்தது.

பிழைப்புக்கு அவர் கண்ணாடிக் கடையில் இருந்தார். வருகிறவர்களின் மூக்கில் கண்ணாடியை வைத்துப் பார்த்து, காதுக்குப் பின்னால் வளைத்து, எறும்புத் தலை அளவு திருகாணியை முடுக்கி அனுப்புகிற வேலை. அது வாரத்தில் ஆறு நாள். ஏழாவது நாள் வீட்டு பால்கனியில் மேஜையைப் போட்டு, தோலை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து வார், பை என்று எதையாவது வெட்டித் தைப்பார். அவரைப் போலவே கிறுக்குப் பிடித்தவர்கள் சேர்ந்து கைப்பேசியில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் பல் டாக்டர் உண்டு, பஸ் டிரைவர் உண்டு, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர்கூட உண்டு. அந்தக் குழுவில் ஞாயிறுதோறும் இவர் ஒரு குறிப்பு எழுதுவார். அதனால் எல்லோருக்கும் இவர் 'குறிப்பு அண்ணன்'.

குறிப்புகளும் மோசமில்லை. நூல் வெட்டும்போது தைக்கவேண்டிய நீளத்தைப் போல நாலு மடங்கு எடுங்கள், கஞ்சத்தனம் பார்த்தால் பாதி வழியில் முடிச்சுப் போட்டு அழவேண்டி வரும். பசையை இரண்டு பக்கமும் தடவிக் காயவிடுங்கள், விரலால் தொட்டுப் பார்த்தால் ஒட்டாமல், ஆனால் ஒட்டலாமா என்று யோசிக்கிற பதத்தில் சேர்த்து அழுத்துங்கள். தோல் குடிக்கிறதே என்று எண்ணெயை ஊற்றிக்கொண்டே போகாதீர்கள், கடைசியில் கையில் இருப்பது பெல்ட் அல்ல, துவண்ட துணி. புதுத் தோலில் முதல் வெட்டு வெட்டுவதற்கு முன் எழுந்து போய் ஒரு டீ குடியுங்கள், குடித்து முடிப்பதற்குள் அளவில் எங்கே தப்புச் செய்தீர்கள் என்பது ஞாபகத்துக்கு வந்துவிடும். முதன்முதலில் செய்த பையை மாமியாருக்குக் கொடுக்காதீர்கள், அவர் அதைக் கடைசி வரை வைத்திருப்பார், வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவார்.

இப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பதினைந்து நிமிடம் உட்கார்ந்து தீட்டிய பிறைக்கத்தியை மேஜை ஓரத்தில் வைத்தார். முழங்கை பட்டது. கத்தி சரிந்தது. கை தானாகப் போய்ப் பிடித்தது. புத்திமதி எல்லாம் தலைக்குள்தான் இருந்திருக்கிறது, கைக்கு யாரும் எழுதி அனுப்பவில்லை. உள்ளங்கையின் நடுவில் குறுக்கே கிழித்ததில் நரம்பு துண்டாகிவிட்டது.

குழுவில் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். வேறு என்ன சொல்வது? ஒன்பது தடவை எழுதியவன் பத்தாவது தடவைக்குத் தானே உதாரணமானேன் என்று எழுதவா முடியும்? 'ஈரத் தரை ஜாக்கிரதை அண்ணே' என்று முந்நூறு பேரும் அவருக்கே புத்திமதி சொன்னார்கள். வாங்கிக்கொண்டார்.

நரம்பை ஒட்டித் தைத்த கை டாக்டர் சுற்றி வளைத்துப் பேசாத ஆள். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும், வளர்ந்தால் என்றார். மூன்று மாதத்துக்குள் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகளில் சுரீர் என்றோ எறும்பு ஊர்கிற மாதிரியோ ஏதாவது தெரியத் தொடங்க வேண்டும். தையல் பிரித்தார்கள், கட்டு அவிழ்த்தார்கள், விரல்கள் மடங்கவும் நீளவும் செய்தன. பார்க்கிறவர்களுக்கு அது முழுசான கை. அவருக்கு மட்டும் அந்த மூன்று விரல்களும் கையில் இருந்தன, அவ்வளவுதான். சூடு தெரியவில்லை, குளிர் தெரியவில்லை. சட்டைப் பொத்தானைப் பிடித்திருக்கிறதா விட்டுவிட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். கடையில் திருகாணி போடுகிற வேலையை எடுத்துக்கொண்டு, வருகிறவர்களை வரவேற்று உட்காரவைக்கிற இடத்தில் அவரை நிறுத்தினார்கள். மரியாதையான வேலைதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை.

எறும்பு ஊரும் என்று ராத்திரி பகலாகக் காத்திருந்தார். ஒரு எறும்பும் வரவில்லை.

இதில் பெரிய சிக்கல் மகள். தண்ணீர் சுத்திகரிக்கும் நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருடம் பரீட்சை எழுதி, நேர்காணலுக்கு அலைந்து வாங்கிய வேலை. அப்பா கை கிழிந்த வாரம் கிளம்பவேண்டியவள், எழுதிக் கேட்டு மூன்று மாதம் தள்ளிப்போட்டிருந்தாள். இன்னொரு தடவை தள்ளினால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும் என்று அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அவளும் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"உங்க கை சரியானாத்தான்ப்பா நான் போவேன். இல்லேன்னா இங்கேயே ஏதாவது பார்த்துக்கறேன். சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க."

அவள் சும்மா சொல்கிற ரகம் இல்லை. அந்த விஷயத்தில் அம்மாவை உரித்து வைத்திருந்தாள்.  தன் கை போனதுகூட அவருக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. தன் கையால் மகள் வாழ்க்கையும் சேர்ந்து நின்றுவிடுமோ என்கிற பயம்தான் நெஞ்சில் உட்கார்ந்து அழுத்தியது.

ஆகவே கை சரியாக ஆரம்பித்தது. முதலில் எறும்பு ஊர்கிறது என்றார். அடுத்த வாரம் சுரீர் என்றது. மகள் ஒருநாள் சோபாவில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டுச் சோதித்தாள். அவர் ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னார். இமையை எவ்வளவு மூடினால் எவ்வளவு தெரியும் என்பது அவருக்குத் தெரியாததா, தொழிலே அதுதானே. மகள் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டாள். அன்று மாலையே விமான டிக்கெட் எடுத்தாள்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு மனைவி கூட வருகிறேன் என்றதற்கு, உனக்கு எதற்கு லீவு என்று தனியாகப் போனார். டாக்டர் குண்டூசியை எடுத்துக்கொண்டு விரல்களைச் சோதித்தார். இவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை தடவை குத்தினார், எப்போது நிறுத்தினார் என்பதே தெரியவில்லை. வரவே வராது என்று சொல்லமாட்டேன், ஆனால் வரும் என்று நம்பி எந்த ஏற்பாடும் செய்யவேண்டாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து இவர் அதை மாற்றிச் சொன்னார். நன்றாக வருகிறதாம், இழுத்துப் பிடிக்கிற வேலை மட்டும் இன்னும் ஒரு மாதத்துக்கு வேண்டாமாம். எழுதிக் கொடுத்தாரா என்று மனைவி கேட்டாள். வாயால்தான் சொன்னார் என்றார்.

மனைவி அப்படித்தான் கேட்பாள். ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டரில் இருபத்தாறு வருடம் நிற்கிறவள். எழுத்தில் இல்லாதது எதுவும் அவளுக்கு இருந்தும் இல்லாததுதான். ஆனாலும் நம்பினாள். முப்பது வருடமாகச் சின்னப் பொய்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத புருஷன் இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்வான் என்று எந்தப் பெண்டாட்டிக்குத் தோன்றும்?

இனி பைக்கு வருவோம். மகள் பதினாலு வயதில் கேட்ட பை. எனக்கு ஒரு தோள்பை தைத்துக் கொடுங்கள் என்றாள், சரி என்றார். நல்ல தோல் கிடைக்கட்டும் என்று பத்து வருடம் ஓட்டினார். அதற்குள் கடையில் பாதிப் பேருக்கும், பல் டாக்டரின் மச்சினிக்கும், முகம் தெரியாதவர்களுக்கும்கூடப் பை தைத்துக் கொடுத்தாகிவிட்டது. போன வருடம்தான் கண்ணுக்கு நிறைவாக ஒரு தோல் கிடைத்தது, தேன் நிறத்தில், ஒரு வடு இல்லாமல். வெட்டி, விளிம்பு தேய்த்து, தைப்பதற்குத் துளை போட்டு, ஓரம் ஒட்டி, பாக்கி தையல்தான் என்கிற நிலையில் கத்தி விழுந்தது.

மகள் கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது, வீட்டில் யாரும் இல்லாத ஒரு காலையில், தானே தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தார். தோலைக் கவ்விப் பிடிக்கும் மரச்சட்டத்தைத் தொடை இடுக்கில் வைத்தார். தோல் தையலுக்கு ஒரு நூலில் இரண்டு ஊசி, ஆளுக்கொரு பக்கமாக ஒரே துளையில் போய் வரவேண்டும். ஒரு கையால் ஆகிற காரியமில்லை. வலது கை ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் விரல்கள் பிடித்துக்கொண்டிருந்தன. துளை எங்கே என்று கண்ணை எடுத்தால் ஊசி கீழே கிடந்தது. எடுத்தார், விழுந்தது. எடுத்தார், விழுந்தது. பதினோராவது தடவை ஊசியைத் தரையெல்லாம் தேடினார். அது விரல்களிலேயே இருந்தது.

அவருக்கு அழுகை வந்தது. தடுக்க ஆள் இல்லாததால் அழுது தீர்த்தார்.

பல் டாக்டரைக் கேட்டிருக்கலாம். ஒரு குரல் கொடுத்தால் நூல் கண்டோடு வந்து இறங்குவார். ஆனால் மரத்துப்போக ஊசி போட்டே பிழைக்கிற மனிதர், ரெண்டு நிமிடத்தில் விரலின் நிலைமையைக் கண்டுபிடித்துவிடுவார். அவர் வாய் அவர் நோயாளிகளின் வாய் போல எப்போதும் திறந்தே இருக்கும். சாயங்காலத்துக்குள் மகள் காதுக்கு வந்துவிடும். கடைசியில் மனைவியிடம்தான் கேட்டார், டாக்டர் இழுக்கிற வேலை வேண்டாம் என்றாரே என்று தொடங்கி. அவளுக்குத் தோல் நாற்றமே ஆகாது, பால்கனியில் துணி உலர்த்த வருவதோடு சரி. ஆனால் மகள் பை என்றதும் மறுபேச்சில்லை. கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு, முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதலில் துளைகளை எண்ணினாள். எழுநூற்று முப்பது. ஒரு நாளைக்கு எத்தனை என்று மனசுக்குள் வகுத்துக்கொண்டு, சொல்லுங்க என்றாள்.

அவர் சொன்னார். சொல்வதற்கு அவருக்கா பஞ்சம். நூலைத் தேன்மெழுகில் இழுக்கச் சொன்னார், எப்போதும் ஒரே பக்கத்து ஊசியை முதலில் விடச் சொன்னார், இரண்டாவது ஊசி முதல் நூலைக் குத்திவிடாமல் பார்க்கச் சொன்னார். அதெல்லாம் அவள் ஒரு தடவையில் பிடித்துக்கொண்டாள். வம்பு தொடங்கியது நூலை இழுக்கச் சொன்னபோதுதான்.

"எவ்வளவு இழுக்கணும்?"

"லேசா."

"லேசான்னா எவ்வளவு?"

"தோல் கொஞ்சம் அமுங்கணும். ரொம்ப அமுங்கிடக் கூடாது. பதமா இழு."

"பதமான்னு டாக்டர் சீட்டுல எழுதினா நான் மருந்து கொடுக்க முடியுமா? எத்தனை மில்லின்னு சொல்லுங்க."

அவர் எத்தனை வருடமாக எழுதியிருக்கிறார்! லேசாக இழு, போதிய அளவு அழுத்து, இளகிய பதத்தில் மடக்கு. எல்லாக் குறிப்பும் முழு வாக்கியமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லவேண்டிய அந்த ஒன்று வாக்கியத்தில் இல்லை, விரல் நுனியில் இருந்திருக்கிறது. இதுவரை அதை யாரும் கேட்கவில்லை. கேட்டால் இதோ பார் என்று இழுத்துக் காட்டியிருப்பார்.

இப்போதும் கை பழக்கத்தில் போய்விட்டது. இப்படி என்று நூலை வலது கையில் சுற்றி இழுத்துக் காட்டினார். நூல் தோலுக்குள் புதைந்து, அந்த இடம் சுருங்கி வாய் கோணியது. அவள் போதும் போதும் என்றபிறகுதான் விட்டார். போதும் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. டாக்டர் சொன்னது மறந்துவிட்டது என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவள் சந்தேகப்படவில்லை, திட்டினாள்.

அன்றைக்கு அவள் படுக்கையில் உட்கார்ந்து அவருடைய பழைய குறிப்புகளை முதலிலிருந்து படித்தாள். அவர் எழுதத் தொடங்கியதிலிருந்து அவள் அவற்றைப் படித்தது அதுவே முதல் தடவை. இருநூற்றுப் பதினாலு குறிப்பில் அறுபத்தோரு இடத்தில் 'லேசாக' வருகிறது என்று சொல்லிச் சிரித்தாள். அவரும் கூடச் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது?

மறுநாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு தையல் போட்டதும் நூலுக்கு அடியில் சுண்டுவிரல் நகத்தை விட்டுப் பார்த்தாள். நகம் நுழைந்தால் தளர்ச்சி. நூல் தோல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் அதிகம். நகம் நுழையாமல், நூலும் மறையாமல் நின்றால் அதுதான் அளவு. அவ்வளவுதான். எழுபது எண்பது துளைக்குப் பிறகு நகமும் தேவைப்படவில்லை, கை பிடித்துக்கொண்டது. தையல்கள் வரிசையாக, ஒரே சாய்வில், மருந்துப் பட்டையில் மாத்திரைகள் போல ஏறிக்கொண்டே போயின.

"இதை எழுதுங்க ஞாயித்துக்கிழமைக்கு. ஜனங்க பிழைச்சுப்பாங்க," என்றாள்.

எழுதினார். இடது கையால் தட்டித் தட்டி, நக அளவு என்று தலைப்புப் போட்டு. குழு கொண்டாடியது. பஸ் டிரைவர், நாலு வருடமாக எனக்குப் புரியாமல் இருந்தது இன்றைக்குத்தான் அண்ணே புரிந்தது என்று எழுதியிருந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி இதுவரை வந்ததிலேயே சிறந்த குறிப்பு என்று தீர்ப்பளித்தார். அவர் ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்ல அவரிடம் இனி எதுவும் இல்லை. தன் நாற்காலி, தன் சட்டம், தன் மெழுகு, தன் தோல். அவர் மட்டும் அங்கே விருந்தாளி. பெருமையாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. எது எவ்வளவு என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கிளம்புகிற நாள் வந்தது. ஐந்து மணிக்கு டாக்சி. மதியம் இரண்டரைக்கு எழுநூற்று முப்பது துளையும் முடிந்து, கடைசி மூலை ஒன்று பாக்கி இருந்தது. உள்ளே மகள் பெட்டியைத் திறப்பதும் எடை பார்ப்பதும் எதையாவது வெளியே எடுத்துப் போடுவதுமாக இருந்தாள். இரண்டு தடவை எட்டிப் பார்த்து, முடிந்துவிடுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். முகத்தில் அத்தனை வெளிச்சம். போகிறேன் என்கிற சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத முகம். இந்த முகத்துக்காகத்தான் இவ்வளவும் என்று அவர் நினைத்துக்கொண்டார். இன்னும் இரண்டரை மணி நேரம். அதற்கப்புறம் எது தெரிந்தால் என்ன, விமானம் திரும்பி வராது.

அந்த மூலையில் முன்பக்கம், பக்கவாட்டுப் பட்டை, உள்பை, அடித்தோல் என்று நாலு அடுக்கு சேர்ந்தது. துளை போடும் பல் உளி அங்கே நுழையாது என்பதால் அப்போது விட்டுவைத்திருந்தார். குத்தூசியால் ஒவ்வொன்றாகத் துளைத்துத்தான் தைக்கவேண்டும். குத்தும்போது பின்பக்கம் தோல் தளராமல் எதையாவது முட்டுக் கொடுக்கவேண்டும். வழக்கமாக ஒரு கார்க் துண்டை வைப்பார். அது இந்த இடுக்கில் போகவில்லை. மனைவி ஒரு கையால் குத்தூசியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பையின் ஓரத்தை இழுத்துப் பிடித்திருந்தாள்.

"நான் பிடிக்கறேன்," என்றார்.

இடது கையால் பை மூடியை விலக்கிப் பிடித்தார். வலது கையை உள்ளே விட்டு, மூலைக்குப் பின்னால் கட்டைவிரலை முட்டுக் கொடுத்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தக் கைக்கு ஒரு வேலை. ஒரு மரத்துண்டு செய்கிற வேலைதான், இருந்தாலும் வேலை. மகள் பையில் தன் கையும் பட்டது என்று இருக்கட்டும் என நினைத்தார். மனசு லேசாகச் சந்தோஷப்பட்டது.

முதல் மூன்று துளை சுலபமாக விழுந்தது. அவள் குத்துவாள், எடுப்பாள், இரண்டு ஊசியையும் விட்டு இழுப்பாள். நாலாவது முரண்டு பிடித்தது.

"போகமாட்டேங்குதே."

"நாலு அடுக்கு இல்லையா, அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் திருகி அழுத்து."

அவள் திருகி அழுத்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, தோளைச் சாய்த்து.

"போதுமா?"

"இன்னும் அழுத்து. போகும்."

சட்டென்று இளகியது.

"போயிடுச்சு."

"நல்லா பிடி வரைக்கும் இறக்கு. துளை சின்னதா இருந்தா ரெண்டு ஊசி போகாது."

அவள் இறக்கினாள். அவர் பையை வெளிச்சத்துக்குத் திருப்பினார், குத்தூசி சரியான இடத்தில் வந்திருக்கிறதா என்று பார்க்க. தேன் நிறத் தோலில், உள்பையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டாயிற்று. அவருக்குப் பகீர் என்றது. பத்து வருடம் காத்திருந்து வாங்கிய தோல்.

"பார்த்தியா, குத்திக்கிட்டே. சீக்கிரம் ஈரப் பஞ்சு எடுத்து ஒத்து. தேய்ச்சுடாதே, தேய்ச்சா உள்ளே இறங்கிடும். பச்சைத் தண்ணிதான், வெந்நீர் ஆகாது. முதல்ல விரலைக் காட்டு, ஆழமா?"

அவள் பஞ்சை எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் பையிலிருந்து எடுத்து, விரித்து, அவர் முன்னால் நீட்டினாள். பத்து விரலும் சுத்தமாக இருந்தன. அவள் தன் விரல்களைப் பார்க்கவும் இல்லை. பையின் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அங்கே பார்த்தார்.

குத்தூசி தோலைத் தாண்டி வந்து அவருடைய கட்டைவிரலில் ஏறி நின்றது. நுனியில் பட்டும் படாமலும் அல்ல. நகத்துக்குக் கீழே சதைக்குள் போய், அங்கேயே இருந்தது. வேறு யாருடையதோ ஒரு விரலைப் பார்க்கிற மாதிரி அவர் அதைப் பார்த்தார். அழுத்து அழுத்து என்று சொன்னது தன் வாய்தான் என்பது மெதுவாக உறைத்தது.

உள்ளே பெட்டியின் ஜிப் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, பை ஆயிடுச்சா? பெட்டியை மூடிடவா?" என்றாள் மகள் அறையிலிருந்து.

மனைவி குத்தூசியின் பிடியைப் பிடித்து, நேராக, மெல்ல வெளியே இழுத்தாள். இழுக்கும்போது அவள் கண் விரலில் இல்லை, அவர் முகத்தில் இருந்தது. ஏதாவது தெரியாதா, ஒரு சுளிப்பு, ஒரு இமைத் துடிப்பு என்று அவள் தேடினாள். அவள் தேடுவது அவருக்குத் தெரிந்தது. கொடுக்கத்தான் அவரிடம் எதுவும் இல்லை. கண்ணை மூடி, இமையிடுக்கில் பார்த்து, சரியாகச் சொல்லி இத்தனை நாள் நடித்தவருக்கு இப்போது அது எப்படி என்றே மறந்துவிட்டது. குத்தூசி வெளியே வந்தது. அவள் அதைத் துணியில் துடைத்தாள். மேஜைமேல் வைத்தாள்.

"ஸ்ஸ்... ஆ," என்றார் அவர்.

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கண்ணில் நீர் திரண்டு நின்றது, விழவில்லை. மருந்துக் கவுன்ட்டரில் சீட்டை நீட்டுகிறவர்களிடம் இந்த மருந்து இப்போது எங்கேயும் கிடைக்காது என்று சொல்வதற்கு முன்னால் அவள் ஒரு கணம் நிற்பது உண்டு. அப்படி நின்றாள்.

"அம்மா?"

"மூடும்மா," என்று அறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "இன்னும் கொஞ்சம்தான். வந்துடும்."

பஞ்சை நனைத்து, தேய்க்காமல், தோலில் இருந்த ரத்தத்தை ஒத்தி எடுத்தாள். இன்னொரு பஞ்சை அவர் விரலில் சுற்றி, அந்தக் கையைப் பையிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தாள். பிறகு இரண்டு ஊசிகளையும் எடுத்துக்கொண்டு, மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"இடது கையால பிடிங்க."